போல்ட்டை உடைத்தது டயர் கடை, ஹப்புக்குக் காசு கொடுத்தது நான்

ஃபோக்ஸ்வாகன் போலோ வைத்திருப்பவர்கள் டயர் கடையில் காரை விட்டுவிட்டு டீ குடிக்கப் போக வேண்டாம். செங்கல்பட்டைத் தாண்டி நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் என்னிடம் 9,500 ரூபாய் கறந்துவிட்டார்கள். அதுவும் அவர்களே உடைத்த போல்ட்டுக்காக.

டயர்களை முன்பின் மாற்றி பேலன்ஸ் பார்க்கத்தான் போனேன். மாருதி கார்களில் ஹப்பிலிருந்து, அதாவது வீல் மாட்டும் சுழலும் நடுப்பகுதியிலிருந்து, ஸ்டட் என்ற மரையுள்ள தண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் நட்டை முடுக்குவார்கள். போலோவில் ஸ்டட் கிடையாது, 14 மி.மீ. போல்ட்டுகள் ஐந்து நேராக ஹப்பின் மரைக்குள் இறங்குகின்றன. அவற்றை முதலில் கையால் சில சுற்று ஏற்ற வேண்டும். கடைசி முறுக்கு, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரென்ச்சில், 120 நியூட்டன் மீட்டர். கடைப் பையனோ காற்றழுத்தத்தில் முடுக்கும் ஏர் கன்னை வைத்து, அது அலறி ஓய்ந்த பிறகும் விடாமல் அழுத்தினான். படாரென்று ஒரு சத்தம்; போல்ட்டின் தலை தரையில் உருண்டது. பையனைக் குறை சொல்லி என்ன பயன்? அவன் கையில் கன்னைக் கொடுத்தவர் ரென்ச்சைக் கொடுக்கவில்லை.

முதலாளி வந்தார். “போல்ட் பழசு சார், உள்ளே சிக்கிக்கொண்டது. ஹப்பும் பேரிங்கும் மாற்றியாக வேண்டும்” என்றார். வீட்டார் எல்லோரும் வெயிலில் நிற்க, மாலை வரை காரை உள்ளே வைத்துக்கொண்டார்கள். வாடிக்கையாளர் பட்டறைக்குள் வரக் கூடாதாம். பழைய ஹப்பைக் கேட்டேன். காயலான் கடைக்குப் போய்விட்டது என்றார்கள். ஜிஎஸ்டி எண் இல்லாத துண்டுச் சீட்டுதான் பில்.

பிறகு எங்கள் ஊர் மெக்கானிக் பிரேக் பேடு மாற்ற வீலைக் கழற்றியதும் சிரித்துவிட்டார். ஹப்பில் பழைய துரு அப்படியே இருந்தது. ஹப்பை அச்சோடு பிடித்துவைக்கும் ஆக்சில் நட்டில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. அதைக் கழற்றாமல் ஹப் வெளியே வராது. ஒரு போல்ட் துளையைச் சுற்றி மட்டும் வெல்டிங் பொறி தெறித்த பொட்டுகள். தலை உடைந்தால் போல்ட்டின் இறுக்கம் போய்விடும். வீலை எடுத்ததும் மீதித் தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வைஸ் கிரிப் பிளையரால் பிடித்துத் திருப்பினாலே பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருப்புவார்கள். அதைத்தான் செய்திருக்கிறார்கள். தண்டு ஹப்போடு மட்டமாக உடைந்திருந்தால்தான் டிரில் போட வேண்டிய வேலை.

பணம் போனதைவிட என்னை நடுங்கவைத்தது அவர்கள் போட்ட மாற்று போல்ட். போலோவின் கம்பெனி வீலுக்கு போல்ட் தலையின் அடிப்பக்கம் பந்துபோல உருண்டிருக்க வேண்டும். இவர்கள் போட்டது கூம்பு வடிவம். அது வீலின் குழியில் முழுதாக உட்காராது, மெல்லிய வளையமாகத்தான் தொடும். ஓட ஓடத் தளரும். அந்த போல்ட்டோடுதான் நான் குடும்பத்தை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் ஓட்டியிருக்கிறேன்.

தொலைபேசியில் கேட்டதற்கு, “வேறு யாரோ மாற்றியிருப்பார்கள்” என்றார் முதலாளி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். ஹப்பின் படங்களும் துண்டுச் சீட்டும் பத்திரமாக இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்பதால் அடுத்து அங்கேதான் போகப்போகிறேன்.

அந்தப் பக்கம் ஏற்கெனவே டயர் மாற்றியவர்கள் ஐந்து போல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, தலையின் அடிப்பக்கம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.