ஏ கிரேடா, பி கிரேடா? பதப்படுத்திய ரோஜா வாங்கும் முன் ஓர் ஒப்பீடு

ஒரே சிவப்பு, ஒரே அளவு, ஒரே மாதிரி கண்ணாடி மூடி. ஒரு கடை ‘ஏ கிரேடு’ என்கிறது, இன்னொரு கடை ‘பிரீமியம்’ என்கிறது, மூன்றாவது கடை ‘ஏஏஏ’ என்று போட்டிருக்கிறது. விலையில் மட்டும் பெரிய இடைவெளி. எதை நம்பிக் காசு கொடுப்பது?

பதப்படுத்திய ரோஜாவுக்கு எல்லா நாட்டுக்கும் பொதுவான தர விதி என்று நடைமுறையில் ஒன்றும் கிடையாது. வெளியாள் யாரும் சோதித்து முத்திரை குத்துவதில்லை. பதப்படுத்தும் ஆலையோ, மொத்தமாக வாங்கிப் பிரிக்கும் வியாபாரியோ தன் கண்ணால் பார்த்து எழுத்தைப் போடுகிறார். அதனால் கண்டிப்பான ஓர் ஆலையின் பி கிரேடு, தாராளமான இன்னோர் ஆலையின் ஏ கிரேடைவிட நன்றாக இருக்க முடியும். ‘ஏஏஏ’, ‘பிரீமியம்’, ‘லக்சுரி’ எல்லாம் விற்பனைச் சொற்கள்; அவற்றை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஏ, பி, சி என்ற மூன்று அடுக்குக்கு மட்டும் மொத்த வியாபாரத்தில் ஓரளவு ஒத்த புரிதல் உண்டு. அதைத்தான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

அதற்கு முன் செய்முறை பற்றிச் சில வரிகள், ஏனென்றால் பின்னால் வரும் வாதம் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. இது துணிப்பூ இல்லை, வெயிலில் காய்ந்த பூவும் இல்லை. சரியான விரிவில் பறித்த நிஜ ரோஜாவை ஆல்கஹாலில் மூழ்கவைத்து, உள்ளிருக்கும் நீரையும் இயற்கை நிறத்தையும் வெளியேற்றுகிறார்கள். அடுத்து, சாயம் கலந்த கிளிசரின் அல்லது கிளைக்கால் வகைத் திரவத்தில் ஊறவைக்கிறார்கள். நெல்லிக்காயின் சாறு வெளியேறித் தேன் உள்ளே புகுவது போல, பூவின் நீர் இருந்த இடத்தில் இந்தத் திரவம் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதழ் மெத்தென்று இருப்பது அதனால்தான். பிரான்சின் வெர்மோன்ட் நிறுவனம் 1991 வாக்கில் இந்த முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு ஜப்பானில் இதற்குப் பெரிய ரசிகர் கூட்டம் உருவானது. செடியில் இல்லாத நீலமும் கறுப்பும் இதில் கிடைப்பது சாயத்தின் வேலை. பூவின் சொந்த வாசனை இந்தக் குளியலில் போய்விடும். மணக்கிறது என்றால் பின்னால் தெளித்த சென்ட் என்று அர்த்தம், தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஏ கிரேடும் பி கிரேடும்

நல்ல ஏ கிரேடு பூவை மேலிருந்து பார்த்தால் வட்டமாக இருக்கும். நடு மொட்டு மையத்தில், இறுக்கமாகச் சுருண்டு நிற்கும். இதழ் அடுக்குகளுக்கு இடையில் ஓட்டை தெரியாது. விளிம்பில் கிழிசலோ, மடிந்த கோடோ, சாயம் விட்டுப்போன வெள்ளைக் கீறலோ இருக்காது. இரண்டு இதழ்களை மெல்ல விலக்கிப் பார்த்தால் உள்ளேயும் அதே நிறம் இருக்க வேண்டும். வெளியே அடர்சிவப்பும் அடியில் வெளிறிய திட்டும் இருந்தால் சாயம் சரியாக இறங்கவில்லை. இத்தனைக்கும் மேலே, ஒரே பெட்டியில் இருக்கும் எல்லாப் பூவும் ஒரே உயரத்தில், ஒரே சாயலில் இருக்க வேண்டும். ஏ கிரேடுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்த ஒற்றுமைக்குத்தான் போகிறது.

பி கிரேடு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அதே செடி, அதே நாள் பறிப்பு, அதே தொட்டி. பிரிக்கும் மேசையில்தான் ஒதுங்குகிறது. வெளி இதழ் ஒன்று கிழிந்திருக்கும். வட்டம் கொஞ்சம் நீண்டு முட்டை வடிவம் ஆகியிருக்கும். மொட்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அல்லது நிறம் மற்ற பூக்களைவிட அரை நூல் தள்ளியிருக்கும். இவை எல்லாமே தோற்றக் குறைகள். ஒரே ஆலையிலிருந்து வரும் ஏ கிரேடுக்கும் பி கிரேடுக்கும் ஆயுள் வித்தியாசம் இருக்கக் காரணமே இல்லை, இரண்டும் குடித்தது ஒரே திரவம்.

கிழிந்த வெளி இதழை அடியோடு பிடித்து நீக்கிவிடலாம் என்பது பூ அலங்காரம் செய்கிறவர்களுக்குத் தெரியும். விட்டம் சில மில்லிமீட்டர் குறையும், பூ அழகாகிவிடும். பெட்டிக்குள் நெருக்கமாக அடுக்கும்போது வெளி இதழ்கள் எப்படியும் பக்கத்துப் பூவுக்குள் மறைந்துவிடும். ஆகவே பெட்டி, வளையம், சுவரில் மாட்டும் சட்டம் ஆகிய மூன்றுக்கும் பி கிரேடு வாங்குவதே புத்திசாலித்தனம் என்பது என் உறுதியான கருத்து. கண்ணாடி மூடிக்குள் தனியாக ஒரே ஒரு பூ நிற்கிறது என்றால் அது வேறு கதை. எல்லாப் பக்கமும் கண்ணில் படும், விளக்கொளி நேராக விழும். அங்கே ஏ கிரேடுதான்.

நிறத்தையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். வெள்ளை, சந்தனம், வெளிர் இளஞ்சிவப்பு ஆகியவற்றில் சின்ன நசுங்கல்கூடப் பழுப்பாகத் தெரியும். அவற்றில் பி கிரேடு வாங்கினால் வருத்தப்படுவீர்கள். அடர்சிவப்பு, ஒயின் நிறம், கறுப்பு இவை குறையை விழுங்கிவிடும். அதே அடர் நிறங்களில்தான் சாயம் கசிந்து பக்கத்துப் பூவிலும் துணியிலும் ஒட்டும் அபாயம் அதிகம். கறுப்பு ரோஜாவையும் வெள்ளை ரோஜாவையும் இதழோடு இதழ் படும்படி ஒரே பெட்டியில் அடுக்கியிருந்தால், அது எந்த கிரேடாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

சி கிரேடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நசுங்கியது, பாதி இதழ் போனது, நிறம் திட்டுத்திட்டானது. உதிரி இதழாகப் பிய்த்து மெழுகுவர்த்தியைச் சுற்றித் தூவவும் கைவினைப் பழகவும் ஆகும். பரிசாகக் கொடுக்க ஆகாது.

பெரிய பூ என்றால் நல்ல பூவா?

அளவும் தரமும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவது கடைகளில் சாதாரணமாக நடக்கிறது. ஓசூர் பக்கத்துக் கட் ரோஸில் காம்பு நீளம் விலையைத் தீர்மானிக்கும்; 40, 50, 60 சென்டிமீட்டர் என்று பிரித்துக் கட்டுகிறார்கள். பதப்படுத்திய ரோஜா பெரும்பாலும் காம்பு வெட்டிய தலையாக வருவதால் விட்டம்தான் கணக்கு. 2 முதல் 3 சென்டிமீட்டர் என்றால் மிகச் சிறியது, 4 முதல் 5 நடுத்தரம், 5 முதல் 6 பெரியது, அதற்கு மேலே ‘எக்ஸ்எல்’. பெரிய அளவு பெரும்பாலும் பெட்டிக்கு 6 பூவாகவும், நடுத்தரம் 8 பூவாகவும் வரும். ‘ஸ்டாண்டர்டு’, ‘பிரின்சஸ்’ என்ற பெயர்கள் கடைக்குக் கடை மாறும், ஆகையால் சென்டிமீட்டரில் கேளுங்கள்.

அளவைக் கூட்ட ஒரு வழி உண்டு. இதழ்களுக்கு இடையில் துளிப் பஞ்சும் சூடான பசையும் வைத்துப் பூவை விரித்துவிடலாம். ஜப்பானிய அலங்காரத்தில் இதை வெளிப்படையாகவே செய்கிறார்கள், அழகான வேலை. ஆனால் 5 சென்டிமீட்டர் பூவை இப்படி விரித்து 6 சென்டிமீட்டர் விலைக்கு விற்றால் அது ஏமாற்று. வெளி இதழை லேசாகத் தூக்கிப் பாருங்கள். பசை நூலிழை தெரிந்தால் விஷயம் புரிந்துவிடும். கண்ணாடி மூடிக்குள் நீளக் காம்போடு நிற்கும் ரோஜாக்களில் பலவற்றுக்குத் தலை மட்டுமே நிஜப் பூ, காம்பும் இலையும் பிளாஸ்டிக். அதில் தவறில்லை, சொல்லிவிட்டு விற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஈக்வடார் பூவும் யுன்னான் பூவும்

ஈக்வடாரின் கயாம்பே பகுதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,800 மீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது. ஆண்டு முழுக்கப் பன்னிரண்டு மணி நேரப் பகல், இரவில் குளிர். செடி மெதுவாக வளர்வதால் மொட்டு பெரிதாகி, இதழ் தடிக்கிறது. தடித்த இதழ் ஆல்கஹால் குளியலைக் கிழியாமல் தாங்கும். கொலம்பியாவின் பொகோட்டா சமவெளிப் பூவுக்கும் இதே அனுகூலம் உண்டு.

சீனத்தின் யுன்னான் மாகாணத்தில் குன்மிங் நகரம் சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள தோனான் மலர்ச் சந்தை ஆசியாவிலேயே பெரிய கட் பூச் சந்தை. பதப்படுத்திய ரோஜாவும் அந்த வட்டாரத்திலிருந்து மலிவாக, நிறைய வருகிறது. இணையத்தில் நாம் பார்க்கும் குறைந்த விலைப் பெட்டிகளில் கணிசமானவை அங்கிருந்து வருபவை. நல்ல ஆலைகளும் அங்கே இருக்கின்றன, அவசரமாக முக்கியெடுக்கும் ஆலைகளும் இருக்கின்றன. பெரிய, கனத்த தனிப்பூ வேண்டும் என்றால் ஈக்வடார் பூவுக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம். 3, 4 சென்டிமீட்டர் பூக்களால் பெட்டியை நிரப்ப யுன்னான் பூ போதும். ‘ஈக்வடார் ரோஜா’ என்று எழுதியிருப்பது மட்டும் சான்று ஆகாது. பூ எங்கே விளைந்தது, எங்கே பதப்படுத்தப்பட்டது என்று இரண்டையும் கேட்க வேண்டும்.

எழுத்து சொல்லாத விஷயம்

கிரேடு என்பது பெட்டியில் அடைத்த நாளில் பூ எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்கிறது. எத்தனை நாள் அப்படியே இருக்கும் என்று சொல்லாது. அதைத் தீர்மானிப்பது உள்ளே எவ்வளவு கிளிசரின் இருக்கிறது, சாயம் எப்படிப் பிடித்திருக்கிறது, பூவை வைக்கும் அறையின் காற்று எப்படி என்பவை. நல்ல பதம் என்றால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை எதிர்பார்க்கலாம். ‘என்றென்றும்’ என்பது உண்மையல்ல.

கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நீண்ட நாள் நின்றால், கூடுதலாக ஊறிய பூ வியர்க்கத் தொடங்கும். இதழ் கண்ணாடி போல ஒளி ஊடுருவும், விளிம்பில் பிசுபிசுப்பு வரும், சாயம் இறங்கும். சென்னையிலும் கொழும்பிலும் இருப்பவர்களுக்கு இது வருடத்தின் பெரும்பகுதிப் பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தொடும். மிக வறண்ட காற்றில் இதற்கு நேர்மாறாக இதழ் விறைத்து விரிசல் விடும். எனவே கடலோர ஊரில் இருப்பவர், அளவாக ஊறிய பி கிரேடை எடுப்பது, வழிய வழிய ஊறிய ஏ கிரேடை எடுப்பதைவிட மேல். மூடியுள்ள கண்ணாடிக் குடுவை அங்கே அழகுக்காக மட்டும் அல்ல, பூவுக்கே தேவை. திறந்த பூங்கொத்தாக வாங்குவதைக் கடலோரத்தில் தவிர்ப்பேன்.

கூடுதலாக ஊறியதைக் கண்டுபிடிப்பது எளிது. வெள்ளை டிஷ்யூ காகிதத்தை இதழின்மேல் லேசாக ஒற்றிச் சில நிமிடம் விடுங்கள். எண்ணெய்க் கறையோ நிறமோ படிந்தால் அந்தப் பூ நம் ஊருக்கு ஆகாது. மூக்கைக் குத்தும் ரசாயன நெடி இருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஏற்கெனவே வாங்கிய பூ வியர்த்துவிட்டதா? சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் ஓரிரு நாள் வைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். தண்ணீர் தெளிக்கவே கூடாது, குளிர்பெட்டியிலும் வைக்கக் கூடாது. ஜன்னல் வெயில் பட்டால் எந்த கிரேடும் வெளுக்கும்.

இணையத்தில் வாங்குகிறவர் ஆர்டர் போடும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை: விட்டம் எத்தனை சென்டிமீட்டர், அது பூவை விரிப்பதற்கு முன்பா பின்பா, பி கிரேடு என்றால் குறை இதழிலா, வடிவத்திலா, நிறத்திலா, பதப்படுத்தியது எந்த மாதம், காம்பு நிஜமா. விளம்பரப் படம் போதாது, உங்களுக்கு அனுப்பப்போகும் அதே பெட்டியை மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கவாட்டுப் படத்தில்தான் சாய்ந்த மொட்டும் உயர வித்தியாசமும் தெரியும்.