தம்பியின் நாற்பது பக்க நோட்டு

இந்தத் தடவை நான்கு வாரம் அம்பாசமுத்திரத்தில் இருந்தேன். கல்யாணம், கோயில் கொடை எதற்கும் வரவில்லை. தம்பி காரியமாகத்தான் வந்தேன். அவனுக்கு 36 வயது. அறிவுசார் குறைபாடு, மாற்றுத்திறனாளி அட்டையில் 75 சதவீதம் என்று போட்டிருக்கிறது. அம்மாவுக்கு 71. போன கார்த்திகையில் அம்மா வழுக்கி விழுந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தம்பி சாப்பாட்டைத் தொடவே இல்லை என்று பக்கத்து வீட்டு மதினி போனில் அழுதார்கள். பாவம், அவர்கள் பாசமாகச் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து வைத்திருக்கிறார்கள். அவனுக்குக் குழம்பு தனிக் கிண்ணத்தில் இருக்க வேண்டும். அது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் லீட்ஸில் சப்போர்ட் ஒர்க்கர். முன்பின் தெரியாதவர்களுக்குப் பராமரிப்புத் திட்டம் எழுத உதவுவது என் வேலையில் ஒரு பகுதி. இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டப்படி, யாருக்காகத் திட்டம் போடுகிறோமோ அவரையும் சேர்த்துக்கொண்டுதான் போட வேண்டும். முதல் தாளில் மூன்றே விஷயங்கள் இருக்கும்: இவரிடம் மற்றவர்களுக்குப் பிடித்தது என்ன, இவருக்கு முக்கியமானது என்ன, இவருக்கு எப்படித் துணை நின்றால் நல்லது. யார் யாருக்கோ அந்தத் தாளை எழுதியிருக்கிறேன். என் தம்பிக்கு அப்படி ஒரு தாள் இல்லை.

அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. அழகாக எழுதிய திட்டம் ஃபைலுக்குள் கிடக்க, ஆள் பற்றாக்குறையில் அவசரமாக வந்து மாத்திரை கொடுத்துவிட்டு ஓடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். எங்கள் தெரு டீக்கடை அண்ணாச்சியோ எந்தத் திட்டத்தையும் படித்ததில்லை. தம்பிக்குக் கண்ணாடி கிளாஸ் கை நழுவும் என்று ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தனியாக வைத்திருக்கிறார், அரை டம்ளர்தான் ஊற்றுவார். ஆனால் அண்ணாச்சிக்கும் வயசாகிறது.

முதலில் ஒரு தனியார் காப்பகத்துக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனோம். இடம் சுத்தமாக இருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும். பொறுப்பாளர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: எத்தனை சதவீதம், வலிப்பு வருமா, தானாகக் கழிப்பறை போவானா, மாதம் பிறந்ததும் பணம் வந்துவிடுமா. அரை மணி நேரப் பேச்சில் அவர் ஒரு தடவைகூடத் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரில் இருந்த அட்டவணைப்படி சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் யாரும் வெளியே போகக் கூடாது. தம்பியோ ரயில்வே கேட்டில் நின்று செங்கோட்டை ரயிலைப் பார்க்காமல் வீடு திரும்ப மாட்டான். அதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று கேட்டேன். “இங்க வந்தா பழகிருவாங்கம்மா” என்றார். முப்பது பேருக்கு மூன்று ஊழியர்கள், அவர் கஷ்டம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் ஒரு மனிதனைப் பார்த்து “உனக்கு என்ன பிடிக்கும்” என்று கேட்க ஊழியர் எண்ணிக்கை எதற்கு?

அடுத்த வாரம் போன பகல்நேர மையம் அப்படியே வேறு. சிறிய ஓட்டுக் கட்டடம், மின்விசிறி ஒன்றுதான் ஓடியது. அங்கிருந்த சிறப்பு ஆசிரியை தம்பிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். “உங்களுக்கு என்ன செய்யப் பிடிக்கும்?” என்று அவனிடமே கேட்டார். அவன் பேசவில்லை. அம்மா பதில் சொல்ல வாயெடுக்க, ஆசிரியை கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு நிமிடம் இருக்கும், அறையே அமைதியாக இருந்தது.

“ரயிலு.”

“எந்த ரயிலு?”

“சாயந்தரம் வார ரயிலு.”

அதை அப்படியே எழுதிக்கொண்டார். அப்புறம் படங்களை வரிசையாக வைத்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் படத்தை எடுத்துக்கொண்ட தம்பி, மெழுகுவர்த்தி செய்கிற படத்தைத் தள்ளிவிட்டான். “சரி, மெழுகுவர்த்தி வேண்டாம்” என்றார் அவர். வீட்டுக்கு வந்தும் அந்தச் “சரி” என் காதிலேயே இருந்தது.

காகித வேலைகளையும் சொல்லிவிடுகிறேன், என்னைப் போல வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உதவும். மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய், அது அவனுக்கு வருகிறது. ஒன்றிய அரசின் அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, சேர்வதற்கு மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. பெரிய விஷயம் காப்பாளர் நியமனம், அதாவது சட்டப்படி அவனுக்குப் பொறுப்பாக ஒருவரை நியமிப்பது. பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால் பெற்றோர் சட்டப்படி தானாகக் காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். அம்மாவுக்கு இது இவ்வளவு நாளாகத் தெரியாது. 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி ஆகியோர் உள்ள குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். நியமனமாகி ஆறு மாதத்துக்குள், யாருக்குக் காப்பாளரோ அவருடைய சொத்து விவரத்தைக் காப்பாளர் அந்தக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும்.

விண்ணப்பத்துக்கு முன் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவையும் படித்துப் பாருங்கள். காப்பாளரும் மாற்றுத்திறனாளியும் நம்பிக்கையோடு சேர்ந்து முடிவெடுப்பது, அதுவும் குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, மாற்றுத்திறனாளியின் விருப்பப்படி என்று அதில் எழுதியிருக்கிறது. இவ்வளவு நல்ல வரி நம் சட்டத்திலேயே இருக்கிறது. நாங்கள் போன ஒரு அலுவலகத்தில் “அவருக்கு என்னம்மா தெரியும், நீங்க கையெழுத்துப் போடுங்க” என்றார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தம்பி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

கடைசி வாரம் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தினமும் சாயங்காலம் திண்ணையில் அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். தம்பியும் கூடவே இருந்தாக வேண்டும் என்பது என் நிபந்தனை. குக்கர் விசில் வரும் முன்னால் அவனிடம் சொல்லிவிட வேண்டும். பல் வலித்தால் சொல்ல மாட்டான், இடது கன்னத்தைத் தட்டுவான். தலைக்கு எண்ணெய் அவனே தேய்த்துக்கொள்வான், யாரும் தொடக் கூடாது. முப்பத்தாறு வருடத்தை அம்மா மூச்சு விடாமல் சொன்னாள்.

“ஏட்டி, எழுதிக்கோ. ஆரஞ்சு சட்டைன்னா அவனுக்கு உசிரு.”

“வேண்டாம்” என்றான் தம்பி. “நீலம்.”

அம்மா என்னைப் பார்த்தாள். பத்துப் பதினைந்து வருடமாகத் தீபாவளிக்கு ஆரஞ்சு சட்டைதான். சின்ன வயதில் என்றைக்கோ ஒன்றைக் கழற்ற மாட்டேன் என்று அழுதிருக்கிறான், அதை வைத்து வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். “எங்கிட்ட சொல்லவே இல்லயேல” என்றாள், குரல் இறங்கிவிட்டது. நான் ஆரஞ்சை அடித்துவிட்டு நீலம் என்று எழுதினேன். அதன் பிறகு ஒவ்வொரு வரியையும் அவனிடம் படித்துக் காட்டினோம். இன்னும் நான்கு இடத்தில் திருத்தினான்.

நோட்டை ஜெராக்ஸ் எடுத்து மதினியிடம் ஒன்று, பகல்நேர மையத்து ஆசிரியையிடம் ஒன்று, தென்காசியில் இருக்கும் சித்தப்பா மகளிடம் ஒன்று கொடுத்தாயிற்று. அம்மாவோடு சேர்ந்து காப்பாளராக இருக்க அவள் சம்மதித்திருக்கிறாள். விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம், விசாரணைக்கு இன்னும் தேதி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து அவனோடு ரயில்வே கேட் வரை நடக்கிறாள். நேற்று போனில், நோட்டில் இல்லாத ஒன்றைச் சொன்னாள்: ரயில் போன பிறகு உடனே கிளம்பச் சொன்னால் கோபம் வருகிறதாம், கேட் திறந்து கடைசி வண்டி போகும் வரை நிற்க வேண்டுமாம். எழுதி வைக்கச் சொன்னேன்.