குட்டி எடுக்கப் பெட்டைக் குதிரை: அந்தியூர்ச் சந்தையா, வளர்ப்பவர் கொட்டகையா?

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் மார்வாரி, கத்தியவார், நொக்ரா என்ற குதிரை வகைகள் எல்லாம் வரிசையாகக் கட்டியிருக்கும். உயரம், நடை, விலை மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்க நல்ல இடம். சவாரிக்கோ வண்டிக்கோ என்றால் அங்கேயே பேரத்தை முடித்துவிடலாம். குட்டி எடுக்க என்றால் சந்தையில் பார்த்துவிட்டு வந்து, வளர்ப்பவர் கொட்டகையில் வாங்குவதே எங்கள் பரிந்துரை.

முதல் காரணம் சினை. "அஞ்சு மாசச் சினை" என்று தரகர் வயிற்றைத் தட்டிக் காட்டுவார். வைக்கோல் தின்றாலும் வயிறு தொங்கும். பருவத்துக்கு வராததும் சினைக்குச் சாட்சி இல்லை. ஆண் குதிரையோடு சேர்த்து 40 நாளுக்குப் பிறகு கரு கலைந்தால், கருப்பையில் உண்டான சுரப்பு இன்னும் பல வாரங்களுக்குப் பெட்டையைப் பருவத்துக்கு வரவிடாது. வயிறு காலியாகவே இருக்கும். ஸ்கேன் மட்டுமே பதில். சேர்த்த 14 முதல் 16 நாளில் அதில் கரு தெரியும். இரட்டைக் கருவா என்பதும் அப்போதே தெரிய வேண்டும், ஏனெனில் இரட்டை பெரும்பாலும் கலைந்துபோகும்.

கொட்டகையில் சேர்த்த தேதி இருக்கும். அதிலிருந்து சுமார் 340 நாள் எண்ணிக்கொள்ளலாம். போன ஈற்றுக் குட்டி அங்கேயே நிற்கும், பொலிகுதிரையையும் (சேர்க்கும் ஆண் குதிரை) பார்க்கலாம். அந்தப் பொலிகுதிரை இந்தப் பெட்டைக்கே தகப்பனா என்று கட்டாயம் கேளுங்கள். உள்ளூரில் ஒரே பொலிகுதிரையை வைத்து வருடக்கணக்காகச் சேர்ப்பவர்கள் உண்டு. கொட்டகையில் வாங்குவதன் பெரிய ஆபத்து அதுதான்.

வாலைத் தூக்கிப் பார்ப்பது இரண்டு இடத்திலும் செய்ய வேண்டியது. பிறப்புறுப்பின் உதடுகள் நேராக, இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். ஆசனவாய் உள்வாங்கி, பிறப்புறுப்பு சாய்ந்திருந்தால் சாணம் அதன்மேல் விழுந்து கருப்பையில் சீழ் பிடிக்கும். எத்தனை முறை சேர்த்தாலும் சினை நிற்காது. மருத்துவர் மேல்பகுதியைத் தைத்து ஓரளவு சரிசெய்வார், ஈனும் முன் அந்தத் தையலைப் பிரிக்க வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

வயதைப் பல் சொல்லும்: முன்பற்களில் நடு ஜோடி 2½ வயதிலும் அடுத்தது 3½-லும் கடைப்பல் 4½-லும் மாறும். சுமார் 10 வயதில் மேல் கடைப்பல்லின் ஈறோரம் பழுப்புக் கோடு தோன்றி, 15-ல் பாதிப் பல் வரை இறங்கும். 15 வயதாகியும் ஒரு குட்டியும் போடாத பெட்டை வேண்டாம். வெள்ளைக் குதிரையை நொக்ரா என்றால் மூக்கையும் வாலடியையும் பாருங்கள்: தோல் ரோஸ் நிறமாக இருக்க வேண்டும். கருந்தோல் என்றால் நரைத்த சாம்பல் குதிரை. ராசி என்று நம்பும் தேவமணிச் சுழிக்கு (கழுத்தில் முடி சுழன்றிருப்பது) விலை ஏறும். கருப்பைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சந்தையின் இன்னொரு சிக்கல் நோய். பல மாநிலக் குதிரைகள் மூக்கோடு மூக்கு உரசி நிற்கும். தாடைக்கடியில் கட்டி, மூக்கில் சளி இருந்தால் விலகிவிடுங்கள். கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம்; அது மனிதருக்கும் தொற்றும், உறுதியானால் குதிரையைக் கொன்றாக வேண்டும். இரத்தப் பரிசோதனை இல்லாமல் வாங்கவே கூடாது. வாங்கியதை 21 நாள் தனிக் கொட்டிலில், தனி வாளியோடு வையுங்கள்.

வெறும் பெட்டை, சினைப் பெட்டை, குட்டியோடு நிற்பது மூன்றில் கடைசியே நம்பகமானது: ஈன்றதும் பால் கொடுப்பதும் கண்முன்னே தெரியும். சினைப் பெட்டை என்றால் ஈனுவதற்கு ஆறு வாரம் முன்பே கொண்டுவந்துவிடுங்கள். புது இடத்துக் கிருமிக்கு எதிர்ப்பு அவள் உடலில் உருவாகி, சீம்பால் வழியே குட்டிக்குப் போக அவ்வளவு நாள் வேண்டும்.

முன்பணம் கொடுத்து, ஸ்கேனும் இரத்த முடிவும் வந்தபின் மீதி என்று எழுதிக்கொள்ளுங்கள். கொட்டகைக்காரர் ஒப்புவார். திருவிழா முடிந்ததும் லாரி ஏறப்போகிறவரால் அதற்குக் காத்திருக்க முடியாது.