கோ-ஒர்க்கிங் இடம் நடத்தி ஆறு வருடம்: லாபம் எங்கிருந்து வந்தது?

கோ-ஒர்க்கிங் என்றால் ஒரே அலுவலக இடத்தைப் பல பேருக்கு சீட் கணக்கில் வாடகைக்கு விடுவது. 60 சீட்டோடு ஆரம்பித்தேன். முதல் இரண்டு வருடம் ஹால் நிரம்பித்தான் இருந்தது. ஆனால் கையில் ஒன்றும் நிற்கவில்லை. காரணம் பிடிபட நாளானது. கட்டட உரிமையாளரிடம் ஒன்பது வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன். என்னிடம் சீட் எடுத்தவர்களோ ஒரு மாத நோட்டீஸில் கிளம்பலாம். பன்னிரண்டு பேர் இருந்த ஒரு டீம் காலி செய்ததும் அந்த வருமானம் நின்றது. நான் கட்ட வேண்டிய வாடகை நிற்குமா?

இந்தத் தொழிலில் ஆளை விழுத்தாட்டுவது இதுதான். இதே தொழிலில் உள்ள பெரிய நிறுவனங்களில், ரீகஸின் அமெரிக்கப் பிரிவு 2003-லும், வீவொர்க் 2023 நவம்பரிலும் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனதற்கு, தலைக்கு மேல் போன நீண்டகால லீஸ் வாடகை முக்கியக் காரணம்.

மூன்றாம் வருடம் கணக்கு நோட்டை அப்படியே உரிமையாளர் முன்னால் வைத்தேன். பேசிப் பேசி, அடிப்படை வாடகையைக் குறைத்து, அதற்கு மேல் வருமானத்தில் அவருக்குப் பங்கு என்று முடிவானது. முன்பு 47 சீட் நிரம்பினால்தான் செலவுக்குக் கட்டும். இப்போது 35 போதும். நல்ல மாதங்களில் பழைய வாடகையைவிட அவருக்கு அதிகமே கிடைக்கிறது.

அப்புறம் கேபின். திறந்த ஹாலில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். நான்கு, ஆறு பேர் உட்காரும் கேபின்காரர்கள்தான் வருடக்கணக்கில் தங்குகிறார்கள். ஆனால் சத்தம் வெளியே போகக் கூடாது. என் முதல் கேபின்களில் கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. தடுப்புச் சுவரும் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றிருந்தது. ஒரு கணக்குத் தணிக்கையாளர் கிளையன்ட்டிடம் பேசிய தொகை பக்கத்து அறையில் தெளிவாகக் கேட்டது. அடுத்த மாதமே போய்விட்டார். அது இன்னும் எனக்கு வருத்தம்தான். பிறகு சுவரை மேல் கான்கிரீட் வரை ஏற்றி, கதவடியில் ரப்பர் பட்டை வைத்தேன். இந்த வேலையைத் திறப்பதற்கு முன்பே செய்யுங்கள், பின்னால் செய்தால் இரட்டைச் செலவு.

ஒருவர் தனியாகப் போன் பேச வைக்கும் சின்ன மூடிய அறையான போன் பூத்துக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம், இல்லையென்றால் பத்து நிமிடத்தில் உள்ளே புழுங்கிவிடும். ஒரு நாளைக்கு மட்டும் சீட் கொடுக்கும் டே பாஸில் லாபம் பெரிதாக ஒன்றுமில்லை.

இப்போது மேல் மாடியும் காலியாகியிருக்கிறது. உரிமையாளரே கேட்டார். அதே பங்கு முறை, ஹாலுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம், மற்றதெல்லாம் கேபின் என்றால் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.