எங்கள் கிளை நூலகம்: 14 நாள் தவணையில் மீண்ட வாசிப்பு

கல்லூரிப் படிப்பை முடித்த பிறகு, ஏறத்தாழ பத்து ஆண்டுகளாக வேலைக்கும் தேர்வுக்கும் வேண்டியதைத் தவிர வேறு எதையும் நான் படிக்கவில்லை. ஆசைப்பட்டு வாங்கிய நாவல்கள்கூட முப்பது பக்கம் தாண்டுவதற்குள் கைப்பேசியிடம் தோற்றுப்போயின. என்னை மறுபடியும் படிக்க வைத்தது எங்கள் பேரூராட்சியின் கிளை நூலகம்.

உறுப்பினராவது எளிது. முகவரிச் சான்றும் ஒரு சிறு காப்புத்தொகையும் கொடுத்தேன். அன்றே அட்டை கிடைத்தது. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது என்பதால், பயன்படுத்தாதிருப்பதுதான் உண்மையில் நமக்கு நட்டம்.

முதல் நாள் எதைத் தேடுகிறேன் என்று தெரியாமலேயே சிறுகதை அடுக்கின் முன் வெகுநேரம் நின்றேன். நூலகர் அம்மா எதையும் பரிந்துரைக்காமல், "பொறுமையா பாருங்க, அவசரமில்ல" என்று மட்டும் சொன்னார். கையில் அகப்பட்ட ஒரு தொகுப்பின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தவணைச் சீட்டில் ஊதா மையில் ஒன்பது தேதிகள் இருந்தன. ஒன்பதாவது தேதிக்கும் எனக்குக் குத்தப்பட்ட தேதிக்கும் இடையே ஆறு ஆண்டுகள். முன்பு படித்த யாரோ ஒருவர், 'பாட்டி' என்ற சொல் வரும் இடங்களிலெல்லாம் பென்சிலால் மெல்லிய கோடு இழுத்திருந்தார். ஏனென்று அறிய வழியில்லை. ஆனால் அந்தக் கோடுகளைப் பின்தொடர்வதற்காகவே கதைகளை இரண்டாம் முறையும் படித்தேன். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது ஒன்று. ஆறு ஆண்டுகள் அடுக்கில் காத்திருந்த அந்தத் தொகுப்பைக் கையில் வைத்திருந்தபோதுதான் அந்த விதி எனக்கு முழுமையாக விளங்கியது.

சொந்தமாக வாங்கிய நூலை என்றைக்கு வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதாலேயே நான் படிக்காமல் இருந்தேன். 14 நாளில் திருப்பித் தர வேண்டிய நூலோ இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தானாகவே கைக்கு வந்துவிடுகிறது. தேர்வு இல்லை, குறிப்பெடுக்கும் அவசியமில்லை. பிடிக்காவிட்டால் பாதியில் மூடிவிட்டு வேறொன்றை எடுத்துவரலாம். மூன்று மாதத்தில் பதினோரு நூல்களை முடித்திருக்கிறேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். புதிய நூல்கள் மிகத் தாமதமாகவே வருகின்றன. மின்விசிறிகளில் ஒன்று பல வாரங்களாகச் சுற்றவில்லை. எல்லாவற்றையும்விட, மாலை 7 மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவதால், வேலை முடிந்து பேருந்தில் வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே மிஞ்சுகிறது. 1931இலேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு வாசகர்களைத் தேடி ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். இங்கே இன்னும் ஒரு மணி நேரம் திறந்து வைத்தால்கூடப் போதும்.

வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால், இப்போது என்னிடம் இருக்கும் நாவலை வியாழனுக்குள் திருப்பித் தர வேண்டும். இன்னும் அறுபது பக்கங்கள் இருக்கின்றன.