கணக்குத் தாள் அடிக்க வேர்டா, லேடெக்கா, டைப்ஸ்டா?

வடபழனியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். தேர்வுத்தாள், பயிற்சித் தொகுப்பு எல்லாம் முன்பு வேர்டில் அடித்தேன். இப்போது முழுக்க லேடெக்தான்; கட்டளைகளை எழுத்தாக அடித்தால் அதைப் பக்கமாக அமைத்துத் தரும் மென்பொருள் அது. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேர்டின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆல்ட்டையும் சமக்குறியையும் சேர்த்து அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி வந்துவிடும். வாரத் தேர்வுக்கு ஒரு பக்கத் தாள் என்றால் அதுவே போதும். இன்னொரு ஆசிரியர் பார்த்துத் திருத்தித் தர வேண்டுமென்றாலும் வேர்டுதான் சுலபம். லேடெக்கில் நெளி அடைப்பு ஒன்றை மூடாமல் விட்டால், தப்பு ஓரிடத்தில் இருக்க, பிழைச் செய்தி பல வரிகள் தள்ளி வேறு எங்கோ கை காட்டும். பழகும்வரை எரிச்சல்தான்.

அச்சு அழகில் லேடெக்கை மிஞ்ச முடியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் வேர்ட் 2007இல் கேம்ப்ரியா மேத் எழுத்துரு வந்த பிறகு அங்கேயும் சமன்பாடுகள் பார்க்க நன்றாகவே இருக்கின்றன. அழகுக்காக மட்டும் யாரையும் மாறச் சொல்ல மாட்டேன்.

நான் மாறியது பராமரிப்புக்காக. நம் வேலையில் போன வருடக் கணக்கு இந்த வருடம் எண் மாறித் திரும்ப வரும். பழைய ஃபைலைத் திறந்து திருத்த முடியாவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி அடிக்க வேண்டியதுதான். வேர்டில் முன்பு இருந்த ஈக்வேஷன் எடிட்டர் 3.0ஐ, பாதுகாப்பு ஓட்டை காரணமாக மைக்ரோசாஃப்ட் 2018 ஜனவரியில் நீக்கிவிட்டது. அதில் போட்ட சமன்பாடு கண்ணுக்குத் தெரியும். கிளிக் செய்தால் திறக்காது. மேத்டைப் என்ற தனி மென்பொருள் இருந்தால் திருத்தலாம், புது வேர்டில் மாற்றிக்கொள்ளவும் வழி வந்தது. ஆனாலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்.

லேடெக் ஃபைல் வெறும் எழுத்து. நோட்பேடில்கூடத் திறக்கும். ஓர் அணிக்கோவை என்றால் மூன்று நிரையும் மூன்று வரியாக இருக்கும், நிரல்களுக்கு நடுவே ஓர் ஆம்பர்சாண்ட் குறி. 3ஐ அழித்து 5 போட்டால் புதுக் கணக்கு தயார். லேடெக்குக்கு அடியில் இயங்கும் டெக் என்ற மென்பொருளைக் கணினி அறிஞர் டொனால்ட் நூத் 1978இல் வெளியிட்டார். 1990இல், இனிப் புது வசதிகள் கிடையாது, பிழை திருத்தம் மட்டும்தான் என்று அறிவித்தார். திருத்தம் வரும்போது பதிப்பு எண் π-யின் மதிப்பை நோக்கி ஓர் இலக்கம் நீளும்; 2021இல் 3.141592653 ஆனது. லேடெக்கின் பேக்கேஜ்கள், அதாவது கூடுதல் வசதித் தொகுப்புகள், அவ்வப்போது மாறத்தான் செய்கின்றன, ஆனால் பின்னமும் வர்க்கமூலமும் எழுதும் முறை அப்படியேதான் இருக்கிறது.

இன்னொன்று வெக்டர். ஒரு தொகுப்புக்கு மேலே அம்புக்குறி வேண்டும், இன்னொன்றுக்குத் தடித்த எழுத்து வேண்டும். வெக்டருக்கென்று ஒரு கட்டளை வைத்து எழுதியிருந்தால், ஃபைலின் தலைப்பகுதியில் ஒரே வரியை மாற்றினால் போதும், புத்தகம் முழுக்க மாறிவிடும். வேர்டில் பெட்டி பெட்டியாகப் போக வேண்டும்.

தமிழ் வழித் தாளுக்கு, லேடெக்கை வழக்கமாக ஓட்டும் பிடிஎஃப் லேடெக் சரிவராது. அதற்குப் பதில் யூனிகோடு எழுத்துருக்களை நேரடியாக எடுக்கும் ஸீலேடெக்கில் ஃபான்ட்ஸ்பெக் பேக்கேஜைச் சேர்த்து, நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி ஒரு யூனிகோடு எழுத்துருவைக் கொடுத்தால் கொம்பும் காலும் சரியாக உட்காரும். இணையத்திலேயே லேடெக் எழுதும் தளமான ஓவர்லீஃபில் செய்பவர்கள் அமைப்புகளில் கம்பைலரை ஸீலேடெக்குக்கு மாற்ற வேண்டும். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய தாள் கையில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் திருவல்லிக்கேணி அச்சகத்துக்குப் பிடிஎஃப்பாகக் கொடுத்தால் போதும், அங்கே எழுத்துரு இருக்கிறதா என்ற கவலை இல்லை.

லேடெக் மாதிரியே எழுத்தாக அடித்துப் பக்கம் அமைக்கும் புது மென்பொருளான டைப்ஸ்ட் 2023இல் பொதுவில் வந்தது. பின்னத்துக்கு ஒரு சாய்வுக்கோடு போதும், அடிக்க அடிக்கவே பக்கம் தயாராகிறது, பிழைச் செய்தியும் புரியும்படி இருக்கிறது. ஓரிரு சின்னத் தாள்கள்தான் அதில் போட்டிருக்கிறேன், முழுத் தொகுப்பு செய்ததில்லை. அதனால் பெரிய வேலைக்குத் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பதிப்பு எண் இன்னும் 1.0ஐத் தொடவில்லை, பதிப்புக்குப் பதிப்பு சில கட்டளைகள் மாறுகின்றன. பத்து வருடம் வைத்துத் திருத்த வேண்டிய ஃபைலுக்கு அது எனக்குச் சரிப்படாது. புதிதாகத் தொடங்கும் ஆசிரியர் வாரத் தேர்வுக்குத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். தரமணி, சிறுசேரியில் இருக்கும் கணித நிறுவனங்கள் என்று ஆராய்ச்சிப் பக்கம் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் லேடெக்கையே காட்டுகிறேன்; கணித இதழ்கள் பெரும்பாலும் கேட்பது அந்த ஃபைலைத்தான்.