புறநானூறு, உ.வே.சா. பதிப்பு: சாவை எதிர்த்து நின்ற பாட்டுகளைப் படிக்க

சாவின் முன் தலை வணங்காத கவிதைகள் வேண்டும் என்று புறநானூற்றைத் தேடிப் போகிறவர்கள், பொழிப்புரை மட்டும் அச்சிட்ட மலிவுப் பதிப்பை வாங்கிவிட்டால் பாதிப் புத்தகத்தை இழக்கிறார்கள். இந்தப் பாட்டுகளுக்கு மூலமும், பாட்டின் பொருள் வகையைச் சொல்லும் திணை துறையும் மட்டும் போதாது. பாட்டின் அடியில் ஏட்டிலிருந்தே வந்து நிற்கும் குறிப்பும், பழைய உரையும், ஏட்டுக்கு ஏடு சொல் மாறுவதைக் காட்டும் பாடபேதமும் கூடவே வேண்டும். இவை எல்லாம் ஒரே நூலுக்குள் கிடைப்பது உ.வே. சாமிநாதையர் பதிப்பில். 1894இல் முதலில் வந்தது. இன்றும் மறு அச்சாகக் கிடைக்கிறது. பாடினோர் வரலாறு, பாடப்பட்டோர் வரலாறு, அரும்பத அகராதி, அடிக்குறிப்பில் மற்ற நூல்களின் ஒப்புமைப் பகுதிகள் என்று இதில் இருப்பவை ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது.

74ஆம் பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஏழே அடி. சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழனிடம் தோற்று, குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடக்கிறான். தண்ணீர் கேட்கிறான், கிடைக்கவில்லை. பிறகு வருகிறது. கையில் வாங்கியவன் குடிக்காமல் இந்தப் பாட்டைச் சொல்லி உயிர் விடுகிறான். இத்தனையும் குறிப்பு தரும் செய்தி. பாட்டுக்குள் தண்ணீர் என்ற சொல்லே கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே இருப்பது 'வேளாண் சிறுபதம்', 'வயிற்றுத்தீ', 'இரந்துண்ணும்'. சொற்களின் நேர்ப்பொருள் பசியின் பக்கமும் சோற்றின் பக்கமும் நிற்கிறது. குறிப்பை ஒட்டிப் பழைய உரை அதைத் தண்ணீராகக் கொள்கிறது. பொழிப்புரையை மட்டும் படிக்கிறவருக்கு இந்த இடைவெளி கண்ணில் படவே படாது. பொய்கையார் என்ற புலவர் களவழி நாற்பது என்ற நூலைப் பாடி இதே அரசனைச் சிறை மீட்டார் என்று வேறொரு மரபும் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. குறிப்பைக் கண்ணால் கண்ட சாட்சியாக எடுத்துக்கொள்ளாமல், பழங்காலத்து வாசகர் ஒருவர் இந்தப் பாட்டை எப்படிக் கேட்டார் என்பதற்கான தடயமாக எடுத்துக்கொண்டால் இந்த முரண் தொந்தரவு செய்யாது.

இதே பாட்டில்தான் பதிப்பின் பெரிய சிரமமும் தெரிகிறது. அடிகள் சந்தி பிரிக்காமல், அதாவது சேர்ந்த சொற்களைத் தனித்தனியாக்காமல், செய்யுளின் சீர்க்கணக்கில் அச்சாகியிருக்கின்றன. 'குழவி யிறப்பினு மூன்றடி பிறப்பினும்' என்ற முதலடியைப் புதிதாகப் படிக்கிறவர் 'மூன்றடி' என்ற இடத்தில் தடுக்கி விழுவார். அது 'இறப்பினும் ஊன்தடி'. உருவம் பெறாமல் தசைப் பிண்டமாகப் பிறந்தது. அடுத்த அடியின் 'வாளிற் றப்பார்' என்பதும் இப்படித்தான். 'வாளுக்குத் தப்ப மாட்டார்' என்று இன்றைய காது கேட்கும். உண்மையில் 'வாளால் வெட்டத் தவறார்' என்பது பொருள். இறந்து பிறந்த குழந்தையையும், தசைப் பிண்டத்தையும்கூட ஆள் இல்லை என்று ஒதுக்காமல் வாளால் கீறிப் புதைக்கும் குடி அது. அந்தக் குடியில் பிறந்த தன்னை, நாயைப் போலச் சங்கிலியில் கட்டுண்டு, பகைவர் போட்டதை இரந்து உண்ணும்படியாகவா பெற்றுப் போட்டார்கள் என்று கேட்கிறான். 'தப்பார்' தவறாகப் புரிந்தால் இந்தக் கேள்வி மொத்தமும் சரிந்துவிடும்.

இதற்கு வழி எளிது. மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட சந்தி பிரித்த பதிப்பையோ, அதைப்போல் பிரித்த வேறொன்றையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். முதலில் பிரித்த மூலத்தை இரண்டு முறை வாய்விட்டுப் படிக்கவும். பிறகு உ.வே.சா. பக்கத்துக்கு வந்து குறிப்பு, பழைய உரை, அடிக்குறிப்பு என்ற வரிசையில் போகவும். கடைசியாகப் பிரிக்காத மூலத்தைச் சத்தமாகப் படிக்கவும். ஆசிரியப்பா என்ற இந்தச் செய்யுள் வகையின் ஓட்டம் அப்போதுதான் காதில் விழும். உரையிலிருந்து தொடங்கினால் பாட்டு ஒரு செய்தியாகச் சுருங்கிவிடுகிறது. பல பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

எண் வரிசையில் படிப்பதும் இந்த நூலுக்குச் சரிப்படாது. ஒரே ஆளைப் பற்றிய பாட்டுகள் தூரம் தூரமாகச் சிதறிக் கிடக்கின்றன. 246ஆம் பாட்டு, பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு கணவன் இறந்தபின் தீப்பாய்வதற்கு முன் பாடியது. இதைப் படிக்கும் முன் 71க்குப் போக வேண்டும். அங்கே பூதப்பாண்டியன் வஞ்சினம், அதாவது சபதம், கூறுகிறான்: பகைவரை வெல்லாவிட்டால் 'பேரமர் உண்கண் இவளினும் பிரிக'. அவளைப் பிரிவதைத் தனக்குரிய தண்டனைகளில் முதலாவதாகச் சொன்னவனுடைய மனைவி 246இல் பேசுகிறாள். அதற்கடுத்த 247இல் மதுரைப் பேராலவாயார், நீர் வடியும் கூந்தலோடு அவள் தீயை நோக்கிப் போவதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்கிறார். 71, 246, 247 என்று இந்த மூன்றையும் ஒரே அமர்வில் படித்தால் கிடைக்கும் அதிர்வு, தனித்தனியாகப் படித்தால் கிடைப்பதில்லை. இவற்றை இணைத்துப் பார்க்கப் பாடினோர், பாடப்பட்டோர் வரலாற்றுப் பகுதிகளே போதும்.

246ஐச் சாவை எதிர்த்த பாட்டுகளின் வரிசையில் சேர்ப்பதற்கு முன் சற்று நிதானிக்க வேண்டும். அவள் யாரை எதிர்க்கிறாள்? 'பல்சான்றீரே பல்சான்றீரே' என்று அழைத்து, போ என்று சொல்லாமல் வேண்டாம் என்று தடுக்கும் பெரியவர்களைப் 'பொல்லாச் சூழ்ச்சி' உடையவர்கள் என்கிறாள். அதன் பின் கைம்பெண் வாழ்க்கையை உணவு உணவாக எண்ணிக் காட்டுகிறாள். நெய் தொடாத, கையால் பிழிந்த நீர்ச்சோறு, எள் துவையல், புளி சேர்த்து வேகவைத்த வேளைக் கீரை, பாய் இல்லாமல் பரல்கல் மேல் படுக்கை. 'உயவற் பெண்டிரேம் அல்லேம்', இப்படி வருந்தி வாழும் பெண்டிர் அல்லோம் நாங்கள், என்பதுதான் அவள் மறுப்பு. பொய்கையும் தீயும் தனக்கு ஒன்றே என்ற கடைசி அடியை மட்டும் மேற்கோள் காட்டிக் கற்பின் பெருமை பேசுவது இந்தப் பாட்டுக்குச் செய்யும் அநியாயம். பதினைந்து அடிகளில் ஏறத்தாழப் பாதி, உயிரோடிருக்கும் பெண்ணுக்கு அந்தச் சமூகம் என்ன போட்டது என்ற கணக்கு. அதை முழுதாகப் படிக்காமல் கடைசி அடிக்கு வரக் கூடாது.

கரிகாலன் சேரனை வென்ற வெண்ணிப் போரைப் பற்றிய பாட்டுகள் 65, 66 இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. மார்பைக் குறித்து எறிந்த படை முதுகில் புண்ணாக்கியதற்கு நாணிச் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருக்கிறான், அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர் விடுகிறான். கழாத்தலையார் புலம்புகிறார். வெண்ணிக் குயத்தியாரோ வென்ற கரிகாலன் முகத்துக்கு நேராக, உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று கேட்கிறார். தோற்றவனுடைய சாவை வென்றவனிடமே உயர்த்திச் சொல்லும் துணிவு இதில் இருக்கிறது. அளவில் சிறிய பாட்டு. மனப்பாடம் செய்யத் தக்கது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததை 214 முதல் தொடர்ந்து படிக்கலாம். அங்கே எதிர்ப்பைவிட நட்பே மேலோங்கி நிற்கிறது.

'சாதலும் புதுவதன்றே' வரும் 192ஐ இந்த வரிசையில் சேர்க்க வேண்டாம். அதன் மனநிலை வேறு. ஆற்று வெள்ளத்தில் போகும் புணைபோல, தெப்பம்போல, உயிர் போகும் என்று ஏற்றுக்கொள்கிறவருடைய குரல் அது. அதை 74க்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டுமே மங்கிப்போகும்.

பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது. 267, 268 கிடைக்கவே இல்லை. மறக்குடித் தாய்மாரைப் பற்றிய 278, 279 போன்றவை இந்த எல்லைக்கு அப்பால் இருக்கின்றன. அங்கே ஔவை சு. துரைசாமிப் பிள்ளை உரை தேவைப்படும். விளக்கம் விரிவாகவே இருக்கும். சில இடங்களில் தேவைக்கு மேலும் நீளும். பிற்பகுதியில் சிதைந்த பாட்டுகளும் உண்டு. சொல் விழுந்த இடத்தில் புள்ளியிட்டு அப்படியே விட்டிருக்கிறார்களா என்று வாங்குவதற்கு முன் நூலைப் புரட்டிப் பார்க்கவும். புள்ளிகள் இல்லாமல் அடிகளை ஒட்டி அச்சிட்டிருந்தால் அந்தப் பதிப்பை வாங்க வேண்டாம்.